எந்தக் கடலை?

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. கொல்லையில் பிடுங்கிய கடலைச் செடியை வாசலில் மலையாகக் குவித்திருந்தோம். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். மாமா முன்பே காயவைத்த காயில் ஒரு கைப்பிடி உரித்து வறுத்து, தோலை ஊதிவிட்டு, கொஞ்சம் நசுக்கி வெல்லத்தோடு பேரன் வாயில் வைத்தார்.

சின்னவனுக்கு அப்போது இரண்டரை வயது. அதுவரை கடலையே கொடுத்ததில்லை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் அவனுக்குக் கரப்பான், அதாவது அரிக்கும் தோல் படை, வந்து வந்து போகும். கடலை கரப்பான் பண்டம் என்று அத்தை கண்ணில்கூடக் காட்டமாட்டார். அன்றைக்கு அவர் பாலக்கோடு வரை போயிருந்தார்.

முதலில் நாக்கை விரலால் சுரண்டினான். வாயைச் சுற்றிச் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. "கம்பளிப்பூச்சி பட்டிருக்கும்மா, செடி பூரா அதுதானே" என்றார் காய் பறித்த ஒரு அக்கா. எனக்கும் சரியென்றுதான் பட்டது. சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டு, வீட்டில் இருந்த, அரிப்புக்குக் கொடுக்கும் செட்ரிசின் சிரப்பைக் கொடுத்தேன். கொடுத்ததும் பெரிய வேலை முடிந்த மாதிரி இருந்தது. அதுதான் நான் செய்த தப்பு.

பிறகு வாந்தி எடுத்தான். சிரப்பின் கசப்பு என்று நினைத்தேன். இருமினான். வெல்லம் தொண்டையில் ஒட்டியிருக்கும் என்று தண்ணீர் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. அழுகை கம்மிப்போய், தோளில் துவண்டு சாய்ந்தபோதுதான் பயம் வந்தது. அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி ஷிப்டில் இருந்தார். பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம்.

"என்ன சாப்பிட்டான்?" என்றார் நர்சம்மா.

"கடலை."

"எந்தக் கடலை? பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா?"

"நிலக்கடலை."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எடை பார்த்தார், பன்னிரண்டு கிலோ. டாக்டர் வந்து பார்த்ததும் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கிலோவுக்கு 0.01 மில்லி கணக்கில் 0.12 மில்லி, ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் குரல் தெளிந்து வீறிட்டு அழுதான். அவன் அழுததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. நான் தூக்கி நிறுத்தப் போனேன். வேண்டாம், படுக்கவே வையுங்கள், எழுப்பினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும் என்று தடுத்தார்கள். மூச்சுக்குத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாமாம். அடங்கின மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து அதே தொந்தரவு மறுபடி வரலாம் என்று 108-இல் ஏற்றித் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். ராத்திரி முழுக்க அங்கேதான்.

குழந்தை மருத்துவர் மறுநாள் இந்த ஒவ்வாமையைப் பற்றிப் பொறுமையாகப் பேசினார். செட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுக்குழாய் வீக்கத்தை நிறுத்தாது. தோலில் தடிப்போடு வாந்தி, இருமல், குரல் கம்மல், துவளல் என்று இன்னொன்றும் சேர்ந்தால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, காத்திருக்கக் கூடாது. இதுவரை சாப்பிடாத பிள்ளைக்கு எப்படி என்று கேட்டேன். கடலை உடைக்கிற வீட்டில் தூசியும் கையில் ஒட்டிய எண்ணெயும் கரப்பான் வெடிப்பு வழியாக உள்ளே போய், உடம்பு அதை எதிரியாகப் பழகியிருக்கலாம் என்றார்.

லண்டனில் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். கரப்பான் கடுமையாக இருந்தோ முட்டை ஒவ்வாமலோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஒரு வயதுக்கு முன்பே கடலையைக் கொடுக்கத் தொடங்கினார்கள், மீதிப் பேருக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவில்லை. கொடுத்தவர்களிடம் கடலை ஒவ்வாமை எண்பது சதவீதம் அளவுக்குக் குறைந்ததாம். (முழுப்பருப்பாக அல்ல, விழுதாகத்தான். முழுசு மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.) அத்தையிடம் நான் இதை இன்னும் சொல்லவில்லை. இவனுக்கு வந்தது அதனால்தான் என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை, அப்புறம் நான் எதற்கு?

பரிசோதனையில் நிலக்கடலைதான் என்று உறுதியானது. முந்திரி, பாதாமுக்கு ஒன்றுமில்லை. நிலக்கடலை பயறு வகை, அவை வேறு.

வீட்டில் பெரிய பஞ்சாயத்து எண்ணெய்க்குத்தான். எங்கள் கடலையை நாங்களே செக்கில் கொடுத்து ஆட்டி வருவோம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் அநேகமாகத் தங்காது, செக்கெண்ணெயில் தங்கும். "கடையில வாங்குற எண்ணெய் நல்லது, நம்ம எண்ணெய் விஷமா?" என்று மாமா கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டோம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறேன். நிலக்கடலை சேர்த்திருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2020-இன் லேபிள் விதி இருக்கிறது. சந்தையில் வாங்குகிற மிட்டாய்க்கு லேபிள் ஏது, அதை வாங்குவதில்லை. அங்கன்வாடியில் "கடலை" என்று சொல்லாமல் "வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை" என்று எல்லாப் பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டில் பேனா மாதிரி கிடைக்கும் ஊசியை இங்கே இரண்டு மருந்துக்கடையில் கேட்டேன், இல்லை. டாக்டர் குப்பியும் சிரிஞ்சும் எழுதித் தந்து, எங்கே, எவ்வளவு என்று செய்து காட்டினார். கத்தரிக்காயில் குத்திப் பழகினேன். போட்ட கையோடு 108.

மாமா ஒரு மாதம் பேரனைத் தூக்கவில்லை. இப்போது தூக்குகிறார், சோப்புப் போட்டுக் கை, வாய் கழுவிய பிறகு. இந்த ஆடிக்குக் கொல்லை முழுக்கக் கேழ்வரகு விதைத்துவிட்டார். ஏன் மாமா என்று கேட்டால், கடலையைக் காட்டுப்பன்றி விடமாட்டேன் என்கிறது என்றார். பன்றி கேழ்வரகையும்தான் விடாது.