நாற்பத்தொரு டேப் துண்டுகள்: பிபிஎஃப் எங்கே ஒட்டினேன்

கல் பட்டுப் பெயின்ற் பறக்காமல் இருக்கக் காரின் மேல் ஒட்டும் நிறமில்லாத பிலிம்தான் பிபிஎஃப். அதைப் பற்றிக் கொழும்பில் ஒரு கடைக்குக் கோல் எடுத்துக் கேட்டபோது அவர்களின் முதல் கேள்வி, "ஃபுல் ஃபிரன்ட்டா, ஃபுல் பொடியா?" ஃபுல் ஃபிரன்ட் என்றால் முன் பம்பர், பொனற், முன் மட்கார்ட் இரண்டும், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைற். அதற்குச் சொன்ன விலையில் நாலு ரயரும் புதிதாய்ப் போட்டு மிச்சமும் கையில் வைத்திருக்கலாம். கார் எந்த வீதியில் ஓடுகிறது என்று மட்டும் அவர்கள் கேட்கவே இல்லை.

என் கார் 2017ஆம் ஆண்டு வாகன்ஆர், கடும் நீலம். வீடு மட்டக்களப்பு கல்லடியில், வேலை வாவிக்கு அக்கரையான படுவான்கரையில். காலையில் ஏ4 வீதியால் ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவேன். அதற்கு அப்பால் ஆறேழு கிலோமீற்றர் கிறவல், தார் போடாத கல் வீதி. சனி, ஞாயிறில் கல்முனைக்கு ஓர் ஓட்டம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் புதுக் கார் என் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே இருக்கிறதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே ஒட்டுவது என்று காரிடமே கேட்போம் என்று தோன்றியது. பெரும்போக வெட்டு முடிந்த ஒரு ஞாயிறு காரைக் கழுவி, மாமரத்தடியில் விட்டு, பெயின்ற் பறந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நகத்தளவு நீல மாஸ்கிங் டேப் ஒட்டினேன். வெயில் நேராக விழுந்தால் சின்னப் புள்ளிகள் கண்ணில் படாது. நிழலில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒன்றும் தப்பாது. பாதியில் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்க, காருக்கு அம்மாள் வருத்தமா?" என்று கேட்டாள்.

மொத்தம் 41. பொனற்றில் 6, முன் பம்பரில் 5, முன் கண்ணாடித் தூணில் 1. கொழும்புக் கடை மூட நினைத்த இடமெல்லாம் சேர்த்தே பன்னிரண்டுக்கு மேல் இல்லை. பின் சில்லு வளைவின் முன் விளிம்பில் மட்டும் 13. முன் சில்லுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் 9. பூட் வாசலில் 4, கதவு ஓரங்களில் 3.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பின் வளைவின் 13இல் 9 இடப்பக்கம், கீழ் விளிம்பின் 9இல் 6 இடப்பக்கம். கொஞ்சம் யோசித்ததும் காரணம் பிடிபட்டது. எதிரே நெல் ஏற்றிய டிரெக்டரோ பஸ்ஸோ வந்தால் நாம் ஒதுங்குவது இடப்பக்கம்தான். இடப்பக்கச் சில்லு இரண்டும் வீதியோரக் கிறவலில் இறங்கும். முன் சில்லு கிளப்பும் கல் என் காரையேதான் அடிக்கிறது. நான் இவ்வளவு காலமும் முன்னால் போன டிப்பர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் முழுக்க மூடும் வழக்கம் அதிவேக வீதி ஓட்டத்துக்குப் பொருந்தும். வேகம் இரண்டு மடங்கானால் கல் அடிக்கும் சக்தி நாலு மடங்கு. நூறில் ஓடுகிறவருக்குப் பொனற்தான் கேடயம். நம் பக்கத்தில் அதிவேக வீதி கிடையாது. ஊருக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம், மாடு குறுக்கே வந்தால் அதுவும் இல்லை.

பிலிமைப் பற்றியும் கொஞ்சம் படித்தேன். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டர் விசிறித் தகடுகளை மணலிலிருந்து காக்க வந்த பொருளாம் இதன் மூதாதை. இப்போது வருகிற நல்லவை டிபியு என்னும் இழுபடும் பிளாஸ்டிக்கில் செய்தவை, தடிப்பு 150 முதல் 200 மைக்ரோன் வரை. காரின் மேல் பூச்சான கிளியர்கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரோன்தான். ஆகவே தடிப்பில் அதன் மூன்று நாலு மடங்கு பாய் விரித்தது போல. மெல்லிய கீறல் விழுந்தால் சூடு பட்டதும் தானாக அடைந்துவிடும். மட்டக்களப்பில் அதற்குச் சுடுதண்ணீர் ஊற்றத் தேவையில்லை, வெளியே விட்டாலே போதும். மலிவான பிவிசி வகை இந்த வெயிலில் மஞ்சளாகிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. தேங்காய் விழுந்தால் எந்தப் பிலிமும் தகடு நெளிவதைத் தடுக்காது. அதற்குத் தென்னைக்குக் கீழே நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

முன் பம்பரில் வேறொரு சிக்கல். பெயின்ற் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். குனிந்து, விளிம்பை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது யப்பான்ல அடிச்ச பெயின்ற் இல்ல. இஞ்ச வந்து ஆரோ அடிச்சிருக்கான். நீ இதில பிலிம ஒட்டினா, மறுகா கழட்டேக்க பெயின்றும் சேந்து வரும்." திரும்ப அடித்த பெயின்ற் கீழே சரியாகப் பிடிக்காமல் இருந்தால் பிலிமின் பசை அதை உரித்துவிடும். காரை எனக்கு விற்றவரிடம் கேட்டால் அடிபட்டதே இல்லை என்பார். பம்பர் பட்டியலிலிருந்து போனது. கூரையும் அப்படியே. அங்கே கிளியர்கோட் வெளுத்து உரியத் தொடங்கியிருக்கிறது, பிலிம் அதற்கு மருந்தல்ல.

பிலிமுக்கு முதல் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, முன் சில்லுகளுக்கு ரப்பர் மட்ஃபிளாப். பிலிம் வாங்கிய காசில் சிறு பங்குகூட ஆகவில்லை. பாதிக் கல்லை இதுவே மறித்துவிடும் என்பது என் எண்ணம், இதைப் போடாமல் பிலிமுக்குப் போகிறவரைப் புரிந்துகொள்ள முடியவில்லை. மற்றது துரு. கல்லடியில் கடற்காற்றில் பறந்த புள்ளி சீக்கிரம் பழுப்பாகும். துருவின் மேல் பிலிமை ஒட்டினால் அது உள்ளேயே இருந்து தின்னும். ஆறு புள்ளிகளைச் சுரண்டி, பிரைமர் வைத்து, டச்சப் பெயின்ற் வைத்து, அது நன்றாக இறுகட்டும் என்று சில வாரம் விட்டேன்.

அந்தச் சில வாரத்தில் கச்சான் தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் வெளியே பிலிம் ஒட்டப் போனதுபோல் முட்டாள்தனம் வேறு இல்லை. பத்து மணிக்குத் தொடங்கினேன். தெளித்த சோப்புத் தண்ணீர் பிலிம் வழுகுவதற்குள் காய்ந்தது, மண் துகள் உள்ளே போனது. தண்ணீர்க் கொப்புளம் சில நாளில் வற்றிவிடும், மண் துகள் வற்றாது. முதல் துண்டு குப்பைக்குப் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விடுகிறது என்பதும் அன்று தெரிந்தது. பிறகு வடிகட்டிய தண்ணீர்தான்.

அடுத்த தவறு இதைவிட மோசம். பின் வளைவுக்குப் பத்திரிகைத் தாளில் அச்சு எடுத்தேன். பிலிமின் மேல் முகத்தில் பேனை பிடிக்காது என்று அடித்தாளின் மேல் வரைந்தேன். அடிப்பக்கம் வரைந்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அதோடு இரண்டாவதற்கு அச்சைப் புரட்டவும் மறந்தேன். வெட்டி எடுத்துப் பார்த்தால் இரண்டுமே வலப்பக்கத்துக்கானவை. கல் விழுவது இடப்பக்கம், கையில் இருப்பது இரண்டு வலம்.

இரண்டாம் தரம் காலை ஐந்தரைக்கு, நிலத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு இறங்கினேன். ஒரு லீற்றர் தண்ணீரில் சில துளி குழந்தை ஷாம்பு, பிலிம் வழுகுவதற்கு. இன்னொரு போத்தலில் நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் அல்கஹோல், பிடிக்க வைப்பதற்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி என்னும் வழிக்கும் தகட்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். மூலைகளை முன்பே வட்டமாக வெட்டியிருந்தேன், கூர் மூலைதான் முதலில் எழும்பும். காரின் மேல் வைத்துப் பிளேட்டால் வெட்டவே இல்லை. கை ஒருதரம் அழுத்தினால் காக்க வந்த பெயின்றையே கீறிவிடும்.

பூட் வாசல் பத்து நிமிடத்தில் முடிந்தது. தட்டையான இடம், அரிசி மூட்டை இழுத்து இழுத்துக் கீறிய இடம். முதல் தரம் செய்கிறவர் அங்கே தொடங்கலாம். கதவுக் கைபிடிக்கு உள்ளே இருக்கும் குழி நேர்மாறு. அங்கே பெயின்ற் பறக்கவில்லை, ஆனால் காப்பும் மோதிரமும் போட்ட வட்டக் கீறல்கள் நிறைய. கிண்ணம் போன்ற அந்த இடத்தில் ஓரங்கள் மடிந்துகொண்டே இருந்தன. நாலில் இரண்டு சரியாக வந்தன. மற்ற இரண்டும் கிட்டப் போனால் தெரியும். மனைவி கிட்டப் போனாள்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. இடப்பக்கப் பின் வளைவுப் பிலிமில் ஐந்து குத்துத் தழும்பு, கீழே பெயின்ற் அப்படியே இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒன்று. கீழ் விளிம்பில் ஒரு முனை எழும்பி, அதற்குள் சேறு போய்க் கறுப்புக் கோடு போட்டிருக்கிறது. அதை உரித்துப் புதிதாய் ஒட்ட வேண்டும். இந்த முறை விளிம்புக்கு மூன்று மில்லிமீற்றர் உள்ளே நிறுத்துவேன். மூடாமல் விட்ட பொனற்றில் புதிதாக ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. அதற்கு டச்சப் போதும்.

மிஞ்சிப்போன அந்த வலப்பக்கத் துண்டை மாமா பார்த்தார். "மனே, இத எறியப்போறியா?" என்றவர், தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிழலில் நிறுத்தினார். பெல்ட் பக்கிள் உரசி டாங்க் வெளுத்துக் கிடந்தது. வளைவு கொஞ்சம் பொருந்தவில்லை, சூடு காட்டி இழுத்து ஒட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமை கழுவ வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த நாளே வாவிக்கரையில் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் கழரவில்லை.