புறக்கோட்டையின் தூண் வைத்த வீடு

கொழும்பின் புறக்கோட்டையில், கடைகளும் தள்ளுவண்டிகளும் நெருக்கும் பிரின்ஸ் வீதியில், 1692 முதல் 1697 வரை ஒல்லாந்த (டச்சு) ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் வாசஸ்தலமாக விளங்கிய மாளிகை இன்றும் நிற்கின்றது. முகப்பின் பருத்த தூண்களைக் கண்டு இதனை, பண்டைய கிரேக்க, ரோமக் கட்டடங்களைப் பின்பற்றும் நவசெவ்வியல் பாணி வீடு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அப்பாணி ஐரோப்பாவில் பரவியது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே.

என்னை அதிகம் ஈர்ப்பது பின்புற முற்றம்தான். தடித்த சுவர்களும் சாய்ந்த ஓட்டுக் கூரையும் வெக்கையைத் தடுக்க, திறந்த முற்றம் உள்ளறைகளுக்குக் காற்றையும் வெளிச்சத்தையும் தருகின்றது. நடுவே திறந்த முற்றம் கொண்ட யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இராது. பிற்காலத்தில் மருத்துவமனையாகவும் தபால் நிலையமாகவும் பயன்பட்ட இவ்வீடு, புனரமைக்கப்பட்டு 1982இல் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.