அகழாய்வுக்குப் போகுமுன் அனுமதி வந்ததா என்று கேளுங்கள்

இத்தாலியின் உம்பிரியா பிராந்தியத்தில் ஒரு ரோமானிய வில்லா (பழங்கால நாட்டுப்புற மாளிகை) அகழாய்வுக்குத் தன்னார்வலராகப் போய் வந்தாயிற்று. ஜூலை வெயிலில் மண் தோண்டியதுகூடப் பெரிய பாடாகத் தெரியவில்லை. சென்னையை விட்டுக் கிளம்புவதற்குள் படுத்திய பாடுதான் இன்னும் எரிகிறது.

அங்கே கலாச்சார அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் யாரும் தோண்ட முடியாது. எங்கள் குழுவுக்கு அனுமதி தாமதமானதால் தொடக்க நாள் ஒரு வாரம் தள்ளிப்போனது. அவர்களுக்கு அது இரண்டு வரி மின்னஞ்சல். எனக்கு டிக்கெட், காப்பீடு, அழைப்புக் கடிதம் மூன்றும் பழைய தேதியில். டிக்கெட்டை அபராதம் கட்டி மாற்றினேன். விசா மையத்திலோ, "கடிதத்துல தேதி ஒத்துவரலையே சார், மாத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மாற்றிக்கொண்டு போனால், தங்குமிடச் செலவு யாருடையது என்று கடிதத்தில் இல்லையாம். இதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

போகிறவர்கள் கவனிக்க: அனுமதி கைக்கு வந்துவிட்டது என்று குழு எழுதித் தரும்வரை டிக்கெட் போடாதீர்கள். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்ல வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கொத்துக்கரண்டி கொண்டுபோனால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். முழங்கால் பட்டை கட்டாயம். இல்லாவிட்டால் மாலையில் படியேற முடியாது.

தளத்தில் மொசைக் தரை பழைய ஆட்களுக்கு. எனக்குக் கிடைத்தது இடிந்து விழுந்த கூரை ஓட்டுக் குவியல். வாளி வாளியாக ஓடு, மதியம் பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவல். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டை லேசாக நினைக்கக் கூடாது. இதே உம்பிரியாவில் சான் ஜியுஸ்தினோவில் இருந்த வில்லா ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியுடையது என்று தெரிந்ததே, அவர் பெயரின் முதலெழுத்துகள் குத்திய ஓடுகளால்தான். அதனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டே வைத்தேன். முத்திரை எதுவும் சிக்கவில்லை. ஒரு தட்டை ஓட்டில் மட்டும், சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் விரல்களால் இழுத்த அரைவட்டம் இருந்தது. ஓடு செய்தவர் போட்ட அடையாளம். மேற்பார்வையாளர் அதைக் குவியலில் சேர்க்காமல் தனிப் பையில் போட்டு எண் எழுதினார். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

டிக்கெட் மாற்றிய பணத்தைத் திருப்பிக் கேட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த வருடக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறார்களாம். இன்னொரு தடவை விசா மையமா? யோசிக்க வேண்டும்.