மதிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டு வேப்பமரத்தை இத்தனை வருஷமும் நான் உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்ததே இல்லை. போன மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

வெள்ளைக்கோலோடு தினமும் எங்கள் தெரு வழியே போகிறவர் ஒருவர். அன்றைக்கு எங்கள் மரத்தடியில் சட்டென்று நின்றுவிட்டார். நெற்றியில் கை, கறுப்புக் கண்ணாடி தரையில். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். “கோல் தரையைத்தான் சார் பாக்கும். தலைக்கு நேரா வர்றது அதுக்குத் தெரியாது” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெயில் நாளில் அந்தக் கொப்பு என் தலைக்கு மேல் ஒரு முழம் தள்ளித்தான் நிற்கும். மழை பெய்தால் இலையெல்லாம் தண்ணீரைச் சுமந்து கனத்து, அதே கொப்பு முகத்துக்கு இறங்கிவிடுகிறது. அளந்து பார்ப்பதென்றால் மழை விட்டவுடன் பார்க்க வேண்டும்.

தெருவுக்கு மேல் நீண்டதைத் தெருக்காரர்கள்தானே வெட்ட வேண்டும் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். தேடிப் படித்தபோது பல நாடுகளில் விஷயம் நேர்மாறு. இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், 154ஆம் பிரிவு: கிளை வழியை மறித்தால் மரத்துக்காரருக்கு நோட்டீஸ், 14 நாள் கெடு, மீறினால் நிர்வாகமே வெட்டிவிட்டுச் செலவை அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடைபாதைக்கு மேல் 8 அடி, வண்டிப் பாதைக்கு மேல் ஏறக்குறைய 14 அடி இடம் விட வேண்டும்.

1926இல் அதே இங்கிலாந்தில் ஒரு வழக்கு, நோபிள் எதிர் ஹாரிசன். சாலைக்கு மேல் நீண்டிருந்த பீச் (beech) மரக்கிளை ஒன்று, வானம் தெளிந்திருந்த நாளில் திடீரென்று ஒடிந்து, போய்க்கொண்டிருந்த பேருந்தின் மேல் விழுந்தது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத உட்பழுது என்பதால் மரத்துக்காரர் தப்பினார். எனக்கு இதில் நிம்மதி கிடைக்கவில்லை. எனக்குத்தான் பளிச்சென்று தெரிந்துவிட்டதே!

மரம் வெட்ட வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “மொட்டையடிச்சிடலாம் சார், ரெண்டு வருஷத்துக்குத் தொல்லை இல்ல” என்றார். வேண்டாம் என்றேன். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கொப்புகளுக்கு மேலோட்டமான பிடிப்புதான்; பருத்ததும் ஒடிந்து விழ முதலில் நிற்பவை அவைதான். எது நீண்டதோ அது மட்டும் போதும்.

தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து பாதிக்கும் குறைவாக ஓர் அறுப்பு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் மளுக்கென்று கழன்று விழுந்தது. மிச்சமிருந்த கட்டையைத் தண்டோடு ஒட்ட வழிக்கப் போனவரைத் தடுத்தேன். கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு மேடு இருக்கும். அதைத் தொடாமல் அதன் விளிம்பில் அறுத்தால்தான் மரம் தானாகக் காயத்தை மூடிக்கொள்ளும். பெயின்ட் பூசட்டுமா என்றார், அதுவும் தேவையில்லை. அவர் முகத்தில் ‘இவருக்கு எல்லாம் தெரியுமாக்கும்’ என்று எழுதியிருந்தது. முந்தின இரவுதான் படித்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. (மின்கம்பியைத் தொடும் கொப்பாக இருந்திருந்தால் அவரையும் ஏற விட்டிருக்க மாட்டேன். அது மின்வாரிய ஆட்கள் வேலை.)

வெள்ளைக்கோல்காரர் இப்போதும் வருகிறார். எங்கள் மதில் தொடங்கும் இடத்தில் இடது கையை முகத்துக்கு முன்னால் உயர்த்திக்கொள்கிறார். வெட்டிவிட்டேன் என்று சொன்ன பிறகும்தான்.

நேற்று நல்ல மழை. விட்டதும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்தேன். வெட்டிய இடத்தில் ஒன்றும் படவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் குடைக்கம்பியில் ஏதோ சரசரத்தது.