டிப்பரும் ஏரல் கடலும்

மருமகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். போன கிழமை லீவில் வந்தவன், சாப்பிட்ட கை காய முதல் தொடங்கிவிட்டான். "மாமா, முதலாளித்துவம் இருக்குமட்டும் ஆறும் காடும் தப்பாது. சோசலிசம்தான் ஒரே வழி."

மறுத்துக் கதைக்கலாம் என்று வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் டிப்பர் போனது.

எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம், கனகராயன் ஆற்றுக்கு நடக்கிற தூரம். மணலுக்கு வருகிறவர்கள் லைட்டை நூர்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஆனாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் பெட்டி கடகடவென்று அடிக்கும், லோட் ஏற்றியது முக்கும். கரையில் ஒரு மருதமரம் நிற்கிறது. சின்ன வயதில் அதன் வேரில் இருந்துகொண்டு தண்ணீரில் கால் நனைப்போம். இப்போது அதே வேருக்குக் கீழே ஆள் குனிந்து உள்ளே போகலாம். முன்பு பங்குனிக் கடைசியில் அடி தட்டின எங்கள் கிணற்று வாளி இப்போது மாசியிலேயே தட்டுகிறது. ஒரு கியூப் மணலுக்கு விலை இருக்கிறது, வற்றின கிணற்றுக்கு யார் விலை போட்டார்கள்? அந்தச் செலவு எங்கள் தலையில். அந்தளவில் மருமகன் சொன்னது சரி.

மிச்சத்துக்குப் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் பழைய மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட். வழுவழுத் தாளில் வந்த சோவியத் சஞ்சிகைகள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பருத்தி வயலில் சிரித்துக்கொண்டு நிற்கும் உஸ்பெக் பெண்களைக் கொண்டுதான் என் பள்ளிக் கொப்பிகளுக்கு உறை போட்டோம். அந்தப் பருத்திக்காகத்தான் 1960களில் இருந்து ஏரல் கடலுக்குத் தண்ணீர் கொண்டுபோன அமு தாரியா, சீர் தாரியா என்ற மத்திய ஆசிய ஆறுகள் இரண்டையும் மேலும் மேலும் வாய்க்காலுக்குத் திருப்பினார்கள். அமு தாரியாவில் இருந்து வெட்டின கரகும் கால்வாய் மண் வாய்க்கால். பாலைவனத்தில் சீமெந்து பூசாமல் வெட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று எங்கள் ஊர்க் கமக்காரன் எவனும் சொல்லுவான். உலகத்தின் நாலாவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடல் 1980களின் கடைசியில் இரண்டாகப் பிரிந்தது. அதன் கரையில் துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அங்கே லாபம் எடுத்த முதலாளி எவரும் இல்லை. மேலே ஒரு இலக்கு, அதை நிறைவேற்ற வேண்டிய அதிகாரிகள், அவ்வளவுதான். மொய்னாக் மீனவன் யாரிடம் போய் முறையிடுவான்?

நம்முடைய நாடும் பேரளவில் சோசலிசக் குடியரசுதானே. அந்தப் பெயர் வந்தது 1978இல், திறந்த பொருளாதாரம் வந்த அடுத்த வருடம். சரி, அந்தப் பகிடியை விடுவோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். அதற்கிடையில் காலபோகம், மாரிமழை நெல், விதைத்தாயிற்று. என் மூன்று ஏக்கர் நெல்லும் பசளையில்லாமல் மஞ்சளாகி நின்றதைப் பார்க்க வயிறு எரிந்தது. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எங்களை ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

கேட்கிற இடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, சிறுபோகக் கூட்டம். சிறுபோகம் என்றால் குளத்துத் தண்ணீரை நம்பிய கோடை நெல். இரணைமடுக் குளம் 36 அடிக்கு நிறைந்தாலும் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. ஆகவே நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து, இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பார்கள். சத்தம், கோபம், பழைய காணிச் சண்டை எல்லாம் அங்கே வரும். போன தடவை ஒரு அண்ணை கதிரையைத் தூக்கிவிட்டார். என்றாலும் குளத்தின் துருசு, அதாவது மதகு, திறக்கிற திகதி முடிவாகாமல் ஒருவரும் எழும்புவதில்லை. வாய்க்காலின் கடைசி வயல்காரனும் அங்கே இருக்கிறான், அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனுடைய பங்கை வெட்டுவது கஷ்டம்.

2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் இப்படியான பொதுச்சொத்துகளைத்தான் ஆராய்ந்தார். நேபாளத்தின் வாய்க்கால்களும் அதில் அடக்கம். சந்தையும் அரசும் மட்டும்தான் வழி என்றில்லை, பாவிக்கிறவர்களே விதி போட்டு நடத்த முடியும் என்று காட்டினார். மருமகன் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு கேட்டான். "அப்ப ஏன் மாமா மணலுக்கு ஒரு கூட்டம் வைக்கேல்லை?"

நான் யோசித்துக்கொண்டிருக்க, போன டிப்பர் திரும்பி வந்தது. முக்கிக்கொண்டு.