பாய் வள்ளத்தில் பதினோரு ஞாயிறு

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடியில் பாய் வள்ளம் ஓட்டப் பழக ஆரம்பித்து இன்றோடு பதினோரு ஞாயிறு ஆகிறது. ஞாயிறு என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடற்கரை ஊர்களில் அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள். கிறிஸ்தவக் கோயிலில் காலைப் பூசை முடிந்த பிறகும் வள்ளங்கள் மணலில்தான் கிடக்கும். எனக்கும் நாகர்கோவிலில் வேலைக்கு லீவு அந்த ஒருநாள்தான்.

பழக்கிக் கொடுப்பவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்ஜின் வருவதற்கு முன்னால் கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர். விடியுமுன் கரைக்காற்றில் போய், மதியம் கடல்காற்றில் திரும்பிவந்த காலம் அது. ஊரே அவரைப் பாட்டா என்கிறது, நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வள்ளம் 18 அடி ஃபைபர். மூங்கிலில் பாய்மரம், அதில் சாய்வாகத் தொங்கும் கழியான பருமல், முக்கோணப் பாய். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். வள்ளத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரத்தில் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்துத்தான் திசை திருப்ப வேண்டும். இந்தச் சொற்களையெல்லாம் அகராதியில் பார்த்திருக்கிறேன். கை எரியப் பிடித்த பிறகுதான் அவை எனக்குப் பொருளாயின.

வள்ளத்தை எப்படி ஓடவைப்பது என்று கேட்டுத்தான் போனேன். பாட்டா முதல் இரண்டு ஞாயிறும் நிறுத்த மட்டும் சொல்லிக் கொடுத்தார். "இழுக்கப் படிக்கதுக்கு முன்னால விடப் படி மக்கா." தாமானைக் கைவிட்டால் பாய் கொடிபோலப் படபடக்கும், வள்ளம் வேகம் குறைந்து நின்றுவிடும். அதனால் தாமானை எங்கேயும் இறுகக் கட்டக்கூடாது, கையிலேயே இருக்க வேண்டும். திடீரென்று ஒரு காற்று அடிக்கும்போது முடிச்சை அவிழ்க்க நேரம் கிடைக்காது. பாலத்துக்கு வடக்கே, கண்டல் செடிகள் நிற்கிற காயல் பக்கம் இதை எத்தனை தடவை செய்தேன் என்று கணக்கு இல்லை.

மூன்றாவது ஞாயிறு லைஃப் ஜாக்கெட். போட்டுக்கொண்டு அப்படியே காயலில் குதிக்கச் சொன்னார். குதித்தேன். ஜாக்கெட் மேலே ஏறிக் காதை மூடிக்கொண்டது, வாய்க்குள் தண்ணீர் போனது. கால்களுக்கு நடுவே வந்து மாட்டுகிற பட்டையை நான் தேவையில்லாத வார் என்று நினைத்து உள்ளே மடித்து வைத்திருந்தேன். அந்தப் பட்டைதான் ஜாக்கெட்டை உடம்போடு பிடித்து வைக்கிறது. அதை மாட்டி மறுபடி குதித்தபோது தோளில் அசையாமல் நின்றது. ஜாக்கெட் வாங்குகிறவர்கள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை இதைச் செய்து பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

நான்காவது ஞாயிறிலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பது கேன் பயிற்சி. ஐந்து லிட்டர் கேனில் பாதி தண்ணீர் நிரப்பி மூடி, பாட்டா அதைக் கடலில் போடுவார். அதுதான் தவறி விழுந்த ஆள். இன்ஜின் இல்லாமல் பாயை வைத்தே திரும்பிவந்து எடுக்க வேண்டும். விழுந்த உடனே சத்தம் போட வேண்டும், மிதக்கிற எதையாவது அந்தப் பக்கம் எறிய வேண்டும். ஒருவர் வேறெந்த வேலையும் பார்க்காமல் விரலை நீட்டியபடி விழுந்தவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "கண்ணை எடுத்தேன்னா ஆளு போச்சு." அது உண்மை. முழங்கால் உயர அலை இருந்தாலே முப்பது அடி தூரத்தில் வெள்ளைக் கேன் மறைந்து மறைந்துதான் தெரிகிறது. தண்ணீரில் இருக்கிறவரின் தலை அதைவிடப் பெரிதில்லை.

திரும்பும் வழிதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. கேனைப் பார்த்து நேராகத் திருப்பினால் வேகத்தோடு தாண்டிப் போய்விடுவேன். காற்று விலாவில் படும்படி கொஞ்சதூரம் விலகிப் போய், அணியத்தைக் காற்றின் குறுக்கே திருப்பி, கேனுக்குக் காற்று போகும் பக்கமாகச் சற்றுத் தாழ இறங்கி, கடைசியில் காற்றை ஏறக்குறைய எதிர்த்தபடி வர வேண்டும். அப்போது தாமானை விட்டால் வள்ளம் கேன் பக்கத்திலேயே உயிரிழந்து நிற்கும். முதலில் ஒன்பது நிமிடம் ஆனது. எட்டாவது ஞாயிறு மூன்று நிமிடத்துக்கு வந்தது.

நிறுத்தினால் மட்டும் போதாது, ஆளை ஏற்றவும் வேண்டும். பாட்டாவின் பேரன் தண்ணீரில் இறங்கினான், நான் இழுத்தேன். நனைந்த ஒருவரை வள்ளத்தின் விளிம்புக்கு மேல் இழுப்பது தனிக் கனம். எல்லோரும் ஒரே பக்கம் போனால் வள்ளமும் கூடவே கவிழும், அதனால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். கயிற்றில் போலைன் முடிச்சுப் போட்டு ஒரு வளையம் தொங்கவிட்டோம். அவன் அதில் காலை வைத்து மிதித்து ஏறினான். இழுத்தால் இறுகிவிடாத, வேலை முடிந்ததும் சுலபமாக அவிழ்கிற முடிச்சு அது. பாட்டாவுக்கு அந்தப் பேர் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் போடுகிறார்.

யாருக்கு யார் வழிவிடுவது என்பதைக் கப்பல் விதிகளில் படித்தேன். இரண்டு பாய் வள்ளங்கள் வெவ்வேறு பக்கம் காற்று வாங்கி வந்தால், இடப்பக்கம் காற்று வாங்குவது விலக வேண்டும். ஒரே பக்கம் என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். இன்ஜின் படகு பாய்க்கு விலக வேண்டும், ஆனால் வலை போட்டு நிற்கிற படகுக்குப் பாய்தான் விலக வேண்டும். இது எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. நான் பழக வந்தவன், அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள். மிதப்புகள் வரிசையாகத் தெரிந்தால் நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

அவசரத்துக்கு ரேடியோவில் 16-ஆம் சேனல், போனில் கடலோரக் காவல்படையின் 1554. ஆபத்தை அறிவிக்கும் சொல்லான மேடே மூன்று தடவை, வள்ளத்தின் பேர், இருக்கிற இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். மணலில் உட்கார்ந்து ரேடியோவை ஆன் பண்ணாமல் வாயால் மட்டும் சொல்லிப் பழகினேன்.

'இருக்கிற இடம்' என்பதில்தான் பாட்டாவின் கணியம், அதாவது கரை அடையாளங்களை வைத்து இடத்தைக் கணிப்பது, வருகிறது. கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி, மணக்குடிக் கோயில் கோபுரம் மருந்துவாழ் மலையின் எந்தச் சரிவோடு சேர்ந்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். அது ஒரு கோடு. மேற்கே பள்ளம் கோபுரமும் அதற்குப் பின்னால் வேளிமலையும் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் நாம் இருக்கிறோம். கைக் காம்பஸில் இரண்டு திசையும் எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், போனின் ஜிபிஎஸ் காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டின. கொஞ்சநேரம் அப்படியே நின்றால் கோபுரம் மலையை விட்டு மெல்ல நகர்கிறது. நீரோட்டம் நம்மை இழுக்கிறது என்பது அப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

வானிலையில் பாட்டா விட்டுக்கொடுக்கவே மாட்டார். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் நாள், இந்த மாவட்டக் கரையில் யாருக்கும் மறக்காது. அதனால் சனி இரவே மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் போடும் அலை அறிவிப்பையும் பார்த்து அவருக்குச் சொல்வது என் வேலை. ஏழாவது ஞாயிறு காற்றே இல்லை, கடல் பளிங்காக இருந்தது, ஆனால் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற புயலின் அலை, நாட்கணக்கில் ஓடிவந்து, இங்கே காற்றே இல்லாமல் கரையில் ஏறும். அன்றைக்கு வள்ளத்தை இறக்கவில்லை. மணலில் உட்கார்ந்து பாயின் கிழிசலைத் தைத்தோம். மதியத்துக்குப் பிறகு ஓர் அலை, வழக்கமாக நனையாத மணல்வரை வந்து, நாங்கள் வைத்திருந்த நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு போனது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் அமரத்தில் இருந்தேன். தூரத்தில் ஒரு விசைப்படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாட்டா எதுவும் சொல்லாமல் கேனைப் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. சற்றுக் கழித்து, "ஆளு எங்க மக்கா?" என்றார். திரும்பிப் பார்த்தேன், கேன் இல்லை. வள்ளம் வந்த தடமும் கலைந்துவிட்டது. பாயை விட்டு, எழுந்து நின்று, சூரியன் பக்கம் கையால் மறைத்துத் தேடினேன். வாயெல்லாம் வறண்டு போனது. பாட்டா உதவவில்லை. கடைசியில், வந்த வழியே காற்றை வைத்துத் திரும்பிப் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

பதினேழு நிமிடம். நேரம் குறிக்கும் நோட்டில், எட்டாவது ஞாயிறின் மூன்று நிமிடத்துக்குக் கீழ்வரியில் அதை எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறும் சொல்லாமல்தான் போடுவேன் என்றார். ஜூனில் தென்மேற்குக் காற்று இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றத் தொடங்குமுன் எனக்கு இன்னும் சில ஞாயிறுகள் இருக்கின்றன. கேனுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டேன். "முடிக்கு யாரு பெயின்ட் அடிப்பா?" என்றார். வெள்ளையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.