அப்பத்தா டிகாஷனும் ஊரணிப் பூச்சியும்

அண்ணன் மகள் பிளஸ் ஒன். அறிவியல் கண்காட்சிக்கு ‘காபி பட்டால் டாஃப்னியாவின் இதயம் எப்படித் துடிக்கும்’ என்று தலைப்பு கொடுத்துவிட்டு, வழக்கம்போல முதல் நாள்தான் என்னிடம் வந்தாள். டாஃப்னியா, மீன் குஞ்சுக்குத் தீனியாகப் போடுவார்களே அந்தப் பொடிப்பூச்சி, இரண்டு மூன்று மில்லிமீட்டர், உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் கீறாமல் அறுக்காமல் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பதை மைக்ரோஸ்கோப்பில் அப்படியே பார்க்கலாம்.

காரைக்குடியில் இதற்கா பஞ்சம்? ஊரணிப் படித்துறையில் ஒரு பாட்டில் மொண்டோம். டிகாஷன் அப்பத்தாவின் ஃபில்டரிலிருந்து.

கண்ணால் எண்ணவே முடியவில்லை. போனில் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணினால் வெறும் தண்ணீரில் பத்து விநாடிக்கு 33, ஒரு சொட்டு டிகாஷன் விட்டுப் பத்து நிமிடம் கழித்து 41. வீடே அதிரக் கத்தினாள். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். இன்னொரு பூச்சியை வெறும் தண்ணீரிலேயே அதே பத்து நிமிடம் விளக்குக்கு மேல் வைக்கச் சொன்னேன். 40! காபி இல்லை, பழைய மைக்ரோஸ்கோப்பின் பல்பு சூடு. தண்ணீர் சூடானால் அதன் இதயமும் கூடவே ஓடும், நம்மைப் போல உடம்புச் சூட்டை ஒரே நிலையில் வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

அழுகை வரப் பார்த்தது. ஜெர்மனியில் 1948 வாக்கில் ஒரு விலங்கியல்காரர், சிலந்தி விடிவதற்கு முன்பே வலை பின்னித் தூக்கத்தைக் கெடுக்கிறதே என்று, நேரத்தை மாற்ற மருந்து ஏதும் உண்டா என பீட்டர் விட் என்ற மருந்தியல்காரரிடம் கேட்ட கதையைச் சொன்னேன். நேரம் மாறவில்லை, வலைதான் கோணல்மாணலாக மாறியது. காபியில் இருக்கிற காஃபீனைச் சிலந்திக்குக் கொடுத்ததும் அதில் உண்டு.

அப்புறம் எல்இடி டார்ச் வைத்து, ஒவ்வொரு பூச்சிக்கும் புதுச் சொட்டுத் தண்ணீர் வைத்து மறுபடி. வெறும் தண்ணீரில் 33, 34 என்று அடங்கியே இருந்தது. டிகாஷனில் ஐந்தில் மூன்று ஏறியது, ஒன்று அப்படியே, ஒன்று இறங்கியது. ஐந்தை வைத்து என்ன சொல்ல? வந்ததை வந்தபடி சார்ட்டில் எழுதினாள். பல்பு கதையையும் எழுதச் சொன்னேன், ‘மிஸ் திட்டுவாங்க சித்தப்பா’ என்றாள், ஆனாலும் எழுதினாள்.

அடுத்த கேள்வி டிகாஷனில் காஃபீன் எவ்வளவு என்பது. எங்கள் வீட்டுப் பொடியில் சிக்கரி கலந்திருக்கும், சிக்கரியில் காஃபீன் கிடையாது. அப்பத்தாவிடம் போய்க் கேட்டோம்.

“முன்னாடியே சொல்லியிருந்தா சிக்கரி இல்லாமப் போட்டுத் தந்திருப்பேனே ஆத்தா. பூச்சிக்குத்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?”